தொழில் என்னுஞ் சொல்லும் பிணியாளர் வாழ்வும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆக்குபேஷனல் தெரபி என்னும் மருத்துவத் துறையாகும். இதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்றும், செயல்வழி மருத்துவம் என்றும் தமிழில் வழங்குவர். முன்னைய பெயரைக் கேட்ட மாத்திரத்தில், நோயாளிக்குப் பிழைப்புக்காக ஒரு கைத்தொழில் கற்பிக்கும் ஏற்பாடு போலும் என்று நம்மவர் எண்ணிவிடுகின்றனர். தறியும் பாவுமே தொழிலென வாழ்ந்த குடியிற் பிறந்தார் அங்ஙனம் எண்ணுதல் வியப்பன்று. ஆயினும் அதனால் விளையுங் கேடு சிறிதன்று. பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்த எழுபது வயதுப் பெரியவருக்கு இனித் தொழில் எதற்கு என்று சொல்லி, அவரை அத்துறையினரிடம் அழைத்துச் செல்லாமலே விட்டுவிடுகின்றனர்.

இலக்கணம் பயின்றார்க்கு இம்மயக்கம் வேண்டுவதில்லை. உண்டல், நடத்தல், உடுத்தல் என்பவற்றை நாம் தொழிற்பெயர் என்கின்றோம். ஆண்டுத் தொழில் என்பதற்குச் செயல் என்பதே பொருள். கூலி பெறும் வேலை என்பதன்று. அத்துறையார் ஆக்குபேஷன் என்னுஞ் சொல்லை ஆளுவதும் இப்பரந்த பொருளிலேயாம். பல் விளக்குதல், அடுப்பு மூட்டுதல், பேரனுக்குக் கதை சொல்லுதல், கோயிலுக்குச் செல்லுதல் என ஒருவர் தம் நாளை நிரப்புவனவும், தமக்கு வேண்டுவன என்று கருதுவனவுமாகிய செயல்கள் யாவும் அதனுள் அடங்கும்.

இத்துறைக்கு முதற்சங்கம் 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நியூயார்க் மாகாணத்துக் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் கூடிற்று. கூட்டியவருள் தலையாயவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். இவர் மருத்துவர் அல்லர், கட்டிடக் கலைஞர். காசநோயாலும் இடப்பக்கச் செயலிழப்பாலும் வருந்தித் தச்சு வேலையும் தோட்ட வேலையுஞ் செய்து தேறியவர். முதல் உலகப் போரிற் காயமுற்ற வீரர்க்குக் கூடை முடைதலும், நம் நெசவுந்தான், மருந்தாக அளிக்கப்பட்டன. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டு பம்பாயில் கமலா நிம்ப்கர் அம்மையார் முதற் பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார்.

இனி அவர்தங் கலைச்சொற்கள் சிலவற்றை நோக்குவோம். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பிடஞ் செல்லுதல் முதலியன அன்றாடச் செயல்கள் எனப்படும். சமைத்தல், கடைக்குப் போதல், பணங் கையாளுதல் முதலியவற்றைத் துணைக்கருவிச் செயல்கள் என வேறு பிரிப்பர். முன்னவற்றை அளக்க 1965ஆம் ஆண்டு வெளிவந்த பார்த்தெல் அளவை பத்துச் செயல்களை ஆராய்ந்து நூறு வரை எண் இடுகின்றது.

இவற்றினும் இன்றியமையாதது செயற்பகுப்பு என்பது. வினையொன்றனுள் வினைமுதல், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறும் உள என்பது நன்னூலார் கருத்து. 1996ஆம் ஆண்டு கனடா நாட்டார் சிலர், ஆள், சூழல், செயல் என்னும் மூன்றும் பொருந்தும் அளவே ஒருவரது ஆற்றல் என்று வகுத்துரைத்ததைப் படித்தபோது எமக்கு இந்நூற்பாவே நினைவுக்கு வந்தது. இதனால் மேனாட்டார் கண்டவை எல்லாம் நம்மிடம் முன்னரே இருந்தன என்று மார்தட்டுதல் எமக்கு உடன்பாடன்று. எளிதிற் புரிந்துகொள்ள இவ்வாறு பயன்படும் என்பதே எம் கருத்து.

வலக்கை விழுந்த ஒருவர் சோறு உண்ணுதலைக் கொள்வோம். பிசைதல், திரட்டுதல், வாய்க்கு உயர்த்துதல், விழுங்குதல் எனச் செயல் பலவாகப் பிரியும். எது இயலவில்லை என்று கண்டபின், ஆறனுள் எதை மாற்றலாம் என ஆராய்வர். கருவியை மாற்றிப் பருத்த பிடியுள்ள கரண்டி தருவர். இடத்தை மாற்றித் தரையினின்று நாற்காலிக்கு ஏற்றுவர். களைப்பில்லாக் காலத்தைத் தெரிவர். பொருளைக் குழைந்த சோறாக்குவர். இதற்குத் தகவமைத்தல் என்று பெயர். எளியதில் தொடங்கி அரியதற்குப் படிப்படியாக ஏற்றுதல் படிநிலைப்படுத்தலாம்.

ஆயின் கரண்டியால் தீராத தடை ஒன்று நம் வீடுகளில் உண்டு. இடக்கையால் உண்ணுதல் இழிவு என்று பெரியவர் நாணுகின்றார். பந்தியில் அமர மறுக்கின்றார். நாளடைவில் மருமகள் ஊட்டுவதே வழக்கமாகி, அதனை ஊரார் தொண்டு என்று புகழ்கின்றனர். அன்பினாற் செய்யப்படினும், இயலக்கூடிய செயலையும் அவரிடமிருந்து பறிப்பது அது. முதலில் வீட்டார் இடக்கை பற்றிய வெறுப்பை விட்டொழித்தல் வேண்டும். சூழல் என்று அத்துறையார் கூறுவதில் சுவரும் படியும் மட்டுமல்ல, நம் முகச்சுளிப்பும் அடங்கும்.

சட்டை அணிவித்தலிலும் ஒரு முறை உளது. நலிந்த கையை முதலில் நுழைத்தல் வேண்டும். கழற்றுங்கால் அதனைக் கடைசியில் எடுத்தல் வேண்டும். இம்முறையைப் பழகியவர் பலர் ஒரு கையாலேயே உடுத்திக்கொள்வர். குழித்தறியில் இறங்கி மிதிக்க இயலாதவர் தார் சுற்றலாம். நூலின் நிறம் பார்த்துப் பிரிக்கலாம். கூலி வருமா என்பது வேறு வினா.

இயன்முறை மருத்துவம் என்பது இதனின் வேறு. அது பெரும்பாலும் உடலின் அசைவையும் வலிமையையும் நோக்கும்; இஃது அவற்றைக் கொண்டு செய்யப்படும் செயலை நோக்கும். இரண்டும் வேண்டற்பாலன. 2021ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் இவ்விரு துறையாரையும் நல்வாழ்வுத் தொழில்வல்லாராக ஏற்றுள்ளது. ஆதலின் பக்கவாதம் கண்ட ஒருவரை மருத்துவமனையினின்று வீட்டுக்கு அனுப்புங்கால், இத்துறையார் அங்கு உளரா எனப் பெயர் சொல்லிக் கேட்டறிக. அவர்பாற் செல்லும்போது பெரியவர் வழக்கமாக உடுக்கும் வேட்டியையும், உண்ணும் வட்டிலையும் உடன் கொண்டு போதல் நலம்.