அளவுகோல் யார் கையில்?

(மணிமுத்தாற்றில் ஆற்றிய உரை)

இந்த அணையின் உயரம் 118 அடி. இன்று எத்தனை அடி நீர் என்று அளவுகோல் காட்டும். கடைமடைக்கு வந்ததா என்று உழவனன்றோ சொல்லவேண்டும்!

ஓரினக் காதலரையும் திருநரையும் நிறுவனங்கள் எப்படி நடத்துகின்றன என்று மதிப்பெண் இடும் வழக்கம் 2002-இல் அமெரிக்காவில் பிறந்து, 2020-இல் இந்தியாவுக்கும் வந்தது. விடை எழுதுவோர் யார்? நிறுவனத்தாரே! மாமியாரின் குணத்தை மாமியாரிடமே கேட்கும் விந்தை!

கொச்சி மெட்ரோ 2017-இல் 23 திருநர்க்குப் பணி தந்தது. பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் சில வாரங்களிலேயே எட்டுப் பேர் விலகினர். ஏன்? வீடு தர மறுத்தது ஊர். விடுதி வாடகை ஊதியத்தை விழுங்கிற்று. கோப்பிலே வேலை இருந்தது, குடியிருக்கக் கூரை இல்லை!

சேர்ந்தவருள் எத்தனை பேர் மறு ஆண்டும் இருக்கின்றனர்? காப்பீட்டுப் படிவத்தில் துணையின் பெயரை அஞ்சாது எழுதினரா? எந்தக் கழிப்பறைக்குச் செல்கின்றனர்? மேலாளரை விடுங்கள், அவர்களையே கேளுங்கள். பிறகு பேசுவோம் மதிப்பெண்ணை!