சில்லறைக் கடையும் ஊரின் செல்வமும்

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்குக் குடவோலை நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுக்கள் அவை. தேர்வில் வினாவாக வராத செய்தி ஒன்று அவற்றில் உண்டு. முப்பது குடும்புகளிலிருந்து ஆள் தெரிந்து அமைத்த வாரியங்களுள் பொன் வாரியம் என்பதும் ஒன்று. அதற்கு உறுப்பினர் அறுவர். ஏரி வாரியத்துக்கும் அறுவரே. ஏரிப் பாசனத்தையே உயிராகக் கொண்ட ஊரில், பொன்னைச் சோதிப்பதற்கும் அதே எண்ணிக்கையில் ஆட்களை வைத்தார்கள்! பொன்னை நிறுத்துக் கொடுத்துப் பொருள் வாங்கிய காலத்தில், அதன் மாற்றில் ஐயம் எழுந்தால் கொடுக்கல் வாங்கலே நின்றுவிடும் அன்றோ? ஆகவே ஊர்ச்சபை அந்நம்பிக்கையைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது.

இன்று எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் அந்நம்பிக்கை மளிகைக் கடையில் குடியிருக்கிறது. மூட்டையாக வரும் பருப்பைக் கால் கிலோவாகவும், டின்னில் வரும் எண்ணெயை நூறு மில்லியாகவும் பிரித்துத் தருவதே சில்லறை வாணிகம் என்று நாம் எண்ணுகிறோம். அது உண்மையே. ஆயினும் சிற்றூர்க் கடைக்காரர் பொருளை மட்டுமன்றிக் காலத்தையும் பிரித்துத் தருகிறார். நாற்று விட்ட நாள் முதல் நெல் விற்ற பணம் கைக்கு வரும் வரையில், சம்பாப் பயிரானால் ஏறக்குறைய ஐந்து மாதம். நியாய விலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் சோற்றுக் கவலை பெரிதும் குறைந்தது. குழம்புக்கு வேண்டிய புளியும் மிளகாயும், குழந்தைக்கு வேண்டிய சோப்பும் நோட்டுப் புத்தகமும் எங்கிருந்து வரும்? கடைக்காரரின் கடன் நோட்டிலிருந்துதான்.

ஆசிரியன் அல்லனா, ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு குடும்பம் மாதம் 3,000 ரூபாய்க்குக் கடனாக வாங்குவதாகக் கொள்வோம். ஐந்து மாதத்தில் அது 15,000 ரூபாய். இவ்வாறு நாற்பது குடும்பங்கள் இருப்பின், அறுவடை நாளில் 6,00,000 ரூபாய் வெளியில் நிற்கும். மொத்த வியாபாரிக்கோ அவர் அவ்வப்போது பணம் கட்டியாக வேண்டும். அப்பணம் எதனால் வருகிறது? ரொக்கம் கொடுத்து வாங்குவோரால் வருகிறது. சாமானுக்கு இரண்டொரு ரூபாய் கூடுதலாக வைப்பதும் இதனாலேயே. அதனை வட்டி என்று அவர் சொல்வதில்லை.

இவ்விடத்தில் என் குறையையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் வாங்கிய காலமெல்லாம் முதல் வாரத்தில் பேருந்தேறிக் காஞ்சிபுரம் சென்று, பெரிய கடையில் மாதச் சாமான்களைத் தள்ளுபடி விலையில் வாங்கி வந்தவன் நான். எங்கள் தெருக் கடையில் தீப்பெட்டியும் வெற்றிலையுமே வாங்குவேன். என்னைப் போன்ற உத்தியோகஸ்தர் பலரும் அப்படியே செய்தனர். ரொக்கம் நகரத்துக்குச் சென்றது. கடன் மட்டும் ஊர்க் கடையில் தங்கிற்று. அச்சுமையை எத்தனை காலம் தாங்க முடியும்? எங்கள் ஊரிலேயே இரு கடைகள் அடைபட்டதைக் கண்டேன். அவற்றை மூடியதில் எனக்கும் பங்குண்டு என்பது அப்பொழுது தோன்றவில்லை.

பெரிய கடைகளை நான் பழிக்கவில்லை. அங்கே எடை சரியாக இருக்கிறது, விலை குறைவாக இருக்கிறது, நம் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் மழை தவறிய ஆண்டில் அங்கே போய், "தையில் தருகிறேன், ஐயா" என்று சொல்ல இயலாது. 2016-இல் வந்த யூ.பி.ஐ. முறையால் எங்கள் தெருக் கடையிலும் கைப்பேசி வழியே பணம் செலுத்துகிறோம். தொகையை ஒரு சிறு பெட்டி உரக்கச் சொல்கிறது. அப்பெட்டிக்கும் கடன் சொல்லத் தெரியாது.

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பேருந்து இல்லை, கையில் இருந்த ரொக்கமும் தீர்ந்தது. தெருக் கடையின் முன் கூச்சத்தோடு நின்றேன். "வாங்க சார், என்ன வேணும்?" என்று கேட்டுப் பட்டியலை வாங்கி, எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, நோட்டில் என் பெயரை எழுதினார் கடைக்காரர். அதில் என் பெயர் ஏறியது அதுவே முதல் தடவை.

அதன் பின் மாதச் சாமான்களை ரொக்கம் கொடுத்து அங்கேயே வாங்குகிறோம். நகரத்து விலையைக் காட்டிலும் நூறு, நூற்றைம்பது ரூபாய் கூடுதலாக ஆகிறது. வீட்டுக் கணக்கில் என் மனைவி அத்தொகையை "ஊர் வட்டி" என்று எழுதி வருகிறார்.