தேயிலையின் இளமை

பழமைக்கு உலகில் தனி மதிப்பு உண்டு. புது அரிசிச் சோறு குழைந்துவிடும். பழைய அரிசி பொலபொலவென்று உதிரும். ஊறுகாயும் நாட்பட்டால்தான் சுவைக்கும். மேலைநாட்டார் திராட்சை மதுவுக்கு வயது பார்ப்பதும் இம்முறையிலேயே. பிரான்சு தேசத்துப் போர்தோப் பகுதியிலே 1961ஆம் ஆண்டில் விளைந்த பழத்தின் மது, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் புகழப்பட்டு வருகிறது. அதன் கடுந்துவர்ப்பு காலப்போக்கில் தணிந்து மென்மையாவதே இதற்குக் காரணம்.

கண்டி மலைநாட்டுத் தேயிலைக்கும் துவர்ப்பு உண்டு; மண்ணின் குணம் உண்டு; பருவத்தின் முத்திரையும் உண்டு. அப்படியானால், வயது ஏற ஏற அதன் மதிப்பும் ஏறுமா?

விடை காண்பதற்கு முன் அதன் பிறப்பைச் சிறிது நோக்குவோம். கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலைநோய் பரவிக் கோப்பிப் பயிரை அழித்தது. கோப்பி வீழ்ந்த மலைகளிலே தேயிலை தழைத்தது. அம்மலைகளைத் திருத்திய கைகள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகள்.

கண்டிப் பகுதித் தேயிலை பெரும்பாலும் 2,000 அடி முதல் 4,000 அடி வரையுள்ள இடைநிலத்தில் விளைவது. நிறம் செறிந்தது, கனமான சுவையுடையது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், குளிர்ந்து வறண்ட காற்று வீசும்போது, கொழுந்து மெல்ல வளர்கிறது, மணம் திரள்கிறது. மதுவுக்கு நல்ல ஆண்டு எதுவோ, தேயிலைக்கு நல்ல பருவம் அது.

ஆயினும் ஒற்றுமை இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் பரப்பிப் பதமாக்கி, பின் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் எஞ்சும். புதிதாகச் செய்த தேயிலையின் பச்சைக் காரம் சில வாரங்களிலே அடங்கிப் பக்குவப்படும். அதற்கு மேல் காலம் அதற்கு நண்பன் அன்று. தேநீருக்குப் பொன்னிற ஒளியும் நாவிலே சுறுசுறுப்பும் தருவது தியாபிளேவின் என்னும் பொருள். இது மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. ஈரம் சேர்ந்தால் இன்னும் விரைந்து குறைகிறது. மணமும் கலைந்துபோகிறது. எஞ்சுவது மங்கிய நிறமும் உயிரற்ற சுவையுமே. சீனத்து யுன்னான் மாநிலத்தின் பூஅர்த் தேயிலை ஆண்டுகள் செல்லச் சிறப்படைவது உண்மையே. ஆனால் அது நுண்ணுயிர்களால் பதமாகும் வேறொரு வகை.

இந்த உண்மையை வணிகர் அறிவர். 1883ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் வாரந்தோறும் தேயிலை விலைபோவதும், ஈரம் புகாத பொதிகளில் அது கடல் கடப்பதும் இதனாலேயே. இல்லங்களிலோ நாம் இதை மறந்துவிடுகிறோம். நல்ல தேயிலை ஒரு பொதி கிடைத்தால், விருந்தினர் வரட்டும் என்று அலுமாரியில் பூட்டிவைக்கிறோம். அன்றாடத்துக்கு மலிந்த தூளைக் காய்ச்சுகிறோம். தீபாவளி போய்ப் பொங்கலும் போய், விருந்தினர் வரும் நாளில் பொதியைப் பிரித்தால், அதில் மலையின் மணம் இல்லை. பக்கத்திலிருந்த பெருங்காயத்தின் வாசனையே இருக்கிறது! தேயிலை அயல்மணத்தை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது அன்றோ?

எனவே தேவைக்கு அளவாக வாங்குதல் நன்று. காற்றும் ஒளியும் புகாத தகரப் பேணியில், அடுப்புக்கும் மசாலைக்கும் எட்டத்தில் வைத்தல் நன்று. ஈரக் கரண்டியை உள்ளே இடலாகாது. எல்லாவற்றினும் மேலாக, நல்லதை நாளைக்கென்று ஒதுக்காது இன்றே அருந்துதல் நன்று.

விடியற்பனியிலே, கூடை சுமந்து சரிவேறும் பெண், இரண்டு இலையும் ஓர் அரும்புமாகத் தேர்ந்து கிள்ளுகிறாள். அட்டைக் கடியும் மழையும் அவளுக்குப் புதியன அல்ல. அவள் பறித்த கொழுந்தின் இளமையைத் தொழிற்சாலை ஓர் இரவு விழித்திருந்து காக்கிறது. அந்த உழைப்பின் பயனை நம் அலுமாரி வீணாக்கலாமா? மதுவுக்கு முதுமை அழகு. தேயிலைக்கு இளமையே அழகு. அதை உரிய காலத்தில் சுவைப்பதே, பறித்த கைக்கு நாம் செய்யும் மரியாதை.