சிவப்புப் பொட்டு சொல்வது என்ன?



நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வலிப்பு நோய்க்காகத் திருவனந்தபுரம் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிலையம் பழகிய பெயர். மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு 1995 முதல் அங்கே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கத்தி வைக்கும் முன் தெரிந்தாக வேண்டிய ஒன்று உண்டு: இவருடைய பேச்சு மூளையில் எந்தப் பக்கம் இருக்கிறது? அதற்கு உதவுவது செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.

நோயாளி கருவியின் குழாய்க்குள் அசையாமல் படுத்து, கொஞ்ச நேரம் மனசுக்குள் சொற்களைத் தேடுவார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அங்கே பிராணவாயு மாறுவதைக் கருவி பிடித்துக்கொள்ளும். 1990இல் செய்ஜி ஒகாவா காட்டிய வழி இது. மாற்றம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

பிறகு கழித்தல் கணக்கு: வேலை நேரத்து அளவிலிருந்து சும்மா இருந்த நேரத்து அளவைக் கழிப்பார்கள். படத்தில் தெரியும் சிவப்பு அந்தக் கழித்தலின் விடை. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் இரண்டு கடைகளுக்கு இடையே ஏத்தன்பழம் கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்றால், ஒருவர் விலையை ஏற்றினாரா, மற்றவர் இறக்கினாரா? வித்தியாசத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூளையிலும் அப்படியே. ஓய்வுக்குப் பதில் இன்னொரு வேலையோடு ஒப்பிட்டு, சொல் தேடும் வேலைக்கும் ஒலி கேட்கும் வேலைக்கும் ஓரிடத்தில் வித்தியாசம் வந்தால், முதல் வேலையில் அந்த இடம் உயர்ந்திருக்கலாம்; இரண்டாவதில் தாழ்ந்துமிருக்கலாம். இரண்டையும் ஓய்வு நேரத்தோடு தனித்தனியே ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும். இதைச் செய்யாமல் எழுதப்படும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

இன்னொன்று, எந்த இடத்தைப் பார்க்கப்போகிறோம் என்பதை முன்னாலேயே குறித்துவிட வேண்டும். சிவந்த இடத்தைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றி வட்டம் போட்டு, அதே அளவுகளால் மறுபடி சோதித்தால் விடை எப்போதும் சாதகமாகத்தான் வரும். மூளை முழுவதும் தேடினாலும் ஆபத்துதான். புள்ளிகள் பல்லாயிரம், சில தற்செயலாகவே சிவக்கும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். இத்தனை புள்ளிகளைச் சோதிப்பதற்கான திருத்தம் செய்யாத கணக்கில் அந்த மீனின் மூளையிலும் புள்ளிகள் தெரிந்தன. திருத்தியதும் மறைந்தன.

அறுவை அறையில் இதைவிடப் பெரிய ஆபத்து வண்ணம் படாமல் விடப்பட்ட இடம். வண்ணம் இல்லாததால் அங்கே பேச்சு இல்லை என்று ஆகாது. வித்தியாசம் கணக்கில் வைத்த எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை, அவ்வளவே. அதனால்தான் பேச்சுப் பகுதியை ஒட்டி வெட்டும்போது சில நோயாளிகளை விழிக்க வைத்து, மூளையில் மெல்லிய மின்சாரம் தொட்டு, படத்திலிருக்கும் பொருளின் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். நாக்கு தடுமாறினால், அந்த இடத்தில் கத்தி நிற்கும்.