திரை பேசினால் பிள்ளை படிக்குமா?

பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை அஞ்சடியில் நடந்தால் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் காதில் விழும். அங்கே கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, ஒன்பது மாத மகளிடம் கைப்பேசியைக் கொடுத்திருந்தார். “உங்க நிகழ்ச்சிதான் பார்க்குறா” என்றார் பெருமையாக. எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

அதே வயது அமெரிக்கக் குழந்தைகளிடம் பட்ரீசியா கூல் குழுவினர் நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. 12 முறை நேரில் மாண்டரின் பேசிப் பழகியதும், அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்தவை எதுவும் கற்கவில்லை. தொலைக்காட்சிக்காரி நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! பழகாத ஒலிகளைப் பிரித்தறியும் திறன் ஒரு வயதுக்குள்ளேயே குறையத் தொடங்குகிறதாம். பாலர் பள்ளி வரை காத்திருக்கலாமா?

“கல்லாவில் காசு எண்ணும்போது இவளிடம் வாய்விட்டு எண்ணுங்கள், அக்கா” என்றேன்.

“அப்ப உங்க நிகழ்ச்சி?”

“பிள்ளை தூங்கியதும் நீங்கள் பாருங்கள்.”