ஒரு கோடு சொல்வது என்ன?
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நானோ மீட்டர் என்றால் என்ன என்று கேட்டால் நம் மாணவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்: "ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு, சார்." அதை எங்கே பார்த்திருக்கிறாய் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கொரோனா காலத்தில் நம்மில் பலர் கையில் வைத்துப் பார்த்த சோதனைப் பட்டையிலேயே நானோ துகள்கள் இருந்தன. அந்தச் சிவப்புக் கோடு, தங்க நானோ துகள்கள் ஓரிடத்தில் சேர்ந்ததால் தெரிந்த கோடு.

அந்த நாட்களில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். காய்ச்சல் தொடங்கிய அன்றே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். 'சி' என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு வந்தது. நோய் இல்லை என்று முடிவு செய்து, வழக்கம்போல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியானது. அம்மாவுக்கும் வந்தது. நல்லவேளையாக மீண்டுவிட்டார். அறிவியல் ஆசிரியரான எனக்கே அந்த ஒரு கோட்டைப் படிக்கத் தெரியவில்லையே என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது.

அந்தப் பட்டைக்குள் நடப்பது இதுதான். நாம் விடும் சொட்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பட்டையில் ஊர்ந்து செல்கிறது. வழியில் தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. அவற்றின் அளவு பொதுவாக 20 முதல் 40 நானோ மீட்டர். ஒவ்வொன்றின் மேலும் எதிர்ப்பொருள்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். சொட்டில் வைரஸின் புரதம் இருந்தால் அவை அதைப் பற்றிக்கொள்ளும். 'டி' கோட்டில் நிலையாகப் பதிக்கப்பட்ட வேறு எதிர்ப்பொருள்கள், அதே புரதத்தின் இன்னொரு பகுதியைப் பிடிக்கும். புரதத்தோடு தங்கமும் அங்கே நின்றுவிடும். ஆயிரமாயிரம் துகள்கள் இப்படிச் சேரும்போது நம் கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரிகிறது. 'சி' கோடோ, தங்கத்தின் மேலுள்ள எதிர்ப்பொருளையே பிடிக்கும். ஆகவே அது சொல்வது ஒன்றே ஒன்று: திரவம் கடைசி வரை ஓடியது, பட்டை வேலை செய்தது. 'சி' கோடே வராவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

மஞ்சள் தங்கம் எப்படிச் சிவப்பாகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். துகள் இவ்வளவு சிறிதானதும், ஒளி படும்போது அதன் எலக்ட்ரான்கள் ஒன்றாக அலைந்து பச்சை ஒளியை உட்கவர்கின்றன. மிஞ்சும் ஒளி சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் பாரடே 1857-லேயே இத்தகைய சிவப்புத் தங்கக் கரைசலைத் தயாரித்து, கண்ணுக்குப் புலப்படாத தங்கத் துகள்களே அந்த நிறத்துக்குக் காரணம் என்று விளக்கினார். அவருடைய புட்டிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் உள்ளன. கூழ்மம் நடத்தும் நாளில் இந்தக் கதையைச் சொல்லலாம். கர்ப்பத்தை அறியும் பட்டையிலும், மலேரியாவை அறியும் பட்டையிலும் இதே முறைதான் பெரிதும் பயன்படுகிறது.

இதை வகுப்பில் ஒரு விளையாட்டாக நடத்துகிறேன். செலவு சிவப்பு ரிப்பன்தான். 20 மாணவர்கள் கையில் ரிப்பன் துண்டு. அவர்கள் தங்கத் துகள்கள். குறுக்கே இரண்டு வரிசை நிற்கும். முதல் வரிசை 'டி', சீட்டு வைத்திருப்பவரை மட்டும் பிடிக்கும். அடுத்த வரிசை 'சி', ரிப்பன் கட்டிய யாரையும் பிடிக்கும். சீட்டுதான் நோய்க்கிருமியின் புரதம். முதல் சுற்றில் 12 பேருக்குச் சீட்டு கொடுப்பேன். இரண்டு வரிசையிலும் சிவப்பு தெரியும். அடுத்த சுற்றில் யாருக்கும் இல்லை. 'சி' மட்டும் சிவக்கும்.

மூன்றாவது சுற்றுதான் முக்கியம். இரண்டே பேருக்குச் சீட்டு. கடைசி பெஞ்சிலிருந்து பார்ப்பவரிடம், "கோடு தெரிகிறதா?" என்று கேட்பேன். "ரெண்டு பேர்தான் நிக்கிறாங்க, கோடு மாதிரி தெரியல சார்" என்பார். "அப்படியென்றால் கிருமி இல்லையா?" என்றதும் வகுப்பே யோசிக்கத் தொடங்கும். "இருக்கு சார், ஆனா கம்மியா இருக்கு" என்று ஒரு குரல் வரும். காய்ச்சல் தொடங்கிய அன்று என் பட்டையில் நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அறிகுறி இருந்து விரைவுச் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும் என்று அப்போது அறிவுறுத்தியதற்கும் காரணம் இதுவே.

நம் பிள்ளைகளில் பலருடைய வீட்டில், மருந்துப் பெட்டியில் அச்சிட்டதைப் படித்துச் சொல்லக்கூடியவர் அந்தப் பிள்ளை மட்டும்தான். நாளை அப்பாவுக்கோ ஆயாவுக்கோ காய்ச்சல் வந்து, பட்டையில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால், "இப்போதைக்குத் தெரியவில்லை, டாக்டரிடம் போகலாம்" என்று அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பாடவேளை போதும். அடுத்த வாரமே உங்கள் வகுப்பில் அந்த ரிப்பனைக் கட்டிப் பாருங்கள்.