வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் பையில் எடுத்து வாருங்கள்



அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்கு வரும்போது, வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் இன்று பேசுகிறேன். "என் மருந்தெல்லாம் கணினியில் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தவை இருக்கும். தேக்காவில் வாங்கிய லேகியமும், சென்னைக்குப் போன மகள் வாங்கிவந்த மாத்திரையும், பக்கத்து வீட்டு அம்மா "எனக்கு நன்றாகக் கேட்டது" என்று கொடுத்த மூட்டுவலி மாத்திரையும் அதில் இருக்காது.

அந்த மூட்டுவலி மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இபுபுரோஃபென், டிக்லோஃபெனாக் போன்றவை முழங்கால் வலியைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும். உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாத மருத்துவர், அழுத்தம் கூடியதைப் பார்த்து இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். எனலாப்ரில் அல்லது லோசார்ட்டானுடன் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் இந்த வலி மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் குறைந்திருக்கும் நாள்களில் ஆபத்து இன்னும் அதிகம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் வலி மாத்திரையால் வயிற்றில் இரத்தம் கசியலாம். டாங் குவாய் போன்ற சீன மூலிகைகளும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடும். தைலத்தையும் விட்டுவிடாதீர்கள். "மேலுக்குத்தானே தேய்க்கிறோம்" என்று நினைப்போம். பல வலித் தைலங்களில் உள்ள மீத்தைல் சாலிசிலேட் தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும். மலம் கறுப்பாகப் போனாலோ காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போனாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

ஒரே மருந்துக்கு இரண்டு பெயர் இருப்பதும் தொல்லைதான். இங்கே பனடால், இந்தியாவில் டோலோ. இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால். சில சளி மாத்திரைகளிலும் அதுவே இருக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மூன்று பெயர்களில் சாப்பிட்டால் கணக்கு எங்கே நிற்கும்?

நாட்டு மருந்துகளை நான் குறை சொல்லவில்லை. பாகற்காய்ப் பொரியல் சாப்பிடுங்கள். ஆனால் நீரிழிவு மாத்திரையோடு பாகற்காய்ச் சாறோ பொடியோ தினமும் எடுத்தால் அதைச் சொல்லிவிடுங்கள். விரதம் இருப்பதற்கு முன்பும் கேளுங்கள். சர்க்கரை அளவு மிகவும் இறங்கினால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட சில வலி நிவாரணிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. நெடுநாள் வலி இரண்டே நாளில் பறந்துபோனால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அத்தகைய மருந்தைப் பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பயந்து குப்பையில் போட்டுவிடாமல், உடனே மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

மருத்துவர் கொடுத்த மாத்திரைகளையும், நான் சொன்னதைக் கேட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

திட்டுவார்கள் என்று எதையும் மறைக்க வேண்டாம். மருந்தாளர் பார்க்க விரும்புவதே நீங்கள் மறைக்க நினைப்பதைத்தான். மருந்துகளை அவற்றின் சொந்தப் பெட்டியிலோ உறையிலோ வைத்தே எடுத்து வாருங்கள். புட்டிகள் கனமாக இருந்தால், பேரப்பிள்ளையிடம் சொல்லி முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதியானவை இருந்தாலும் பரவாயில்லை, அவற்றையும் பையில் போடுங்கள்.